ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறேனா?

கேள்வி: சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். இதுவரை என்னுடைய 12 சிறுகதைகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. அவற்றில் 8 கதைகளில் யாரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறார், ஒரு பெண் காத்திருக்கிறாள். திட்டம் போட்டு இப்படி எழுதவில்லை, தானாக அமைந்துவிடுகிறது. சமீபத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் மூத்த எழுத்தாளர் ஒருவர், “இந்தப் பொண்ணுகிட்ட இருக்கறது ஒரே கதை, பேரை மாத்தி மாத்தி எழுதுது” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அதன் பிறகு வேண்டுமென்றே வேறு விஷயங்களை எழுதிப் பார்த்தேன். ஒரு ஐ.டி. கம்பெனிக் கதை, ஒரு தேர்தல் கதை. எனக்கே பிடிக்கவில்லை. பெரிய எழுத்தாளர்களும் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்களா? அல்லது என்னிடம் சரக்கு தீர்ந்துவிட்டதா? ஒரு பதிப்பகம் தொகுப்பு போடலாம் என்று கேட்கிறது. எல்லாக் கதைகளையும் கொடுக்கலாமா? மூன்று கதைகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

வந்திருக்கிறார்கள். நாம் மதித்துப் படிக்கும் எழுத்தாளர்கள் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று விஷயங்கள்தான் தேறும். நான் பதிப்பகத்தில் எடிட்டராக இருக்கிறேன். ஒருவருடைய கதைகள் மொத்தமாகத்தான் என் மேஜைக்கு வரும். பத்திரிகையில் ஒவ்வொன்றாகப் படிக்கும்போது கண்ணில் படாத சரடு, அடுக்கி வைத்துப் படிக்கும்போது பளிச்சென்று தெரிந்துவிடும். அப்படி ஒரு சரடும் தென்படாத தொகுப்புதான் எனக்குக் கவலை தரும். எழுதியவருக்கு எதுவுமே உறுத்தவில்லையோ என்று தோன்றும்.

இந்தப் பதிலோடு நான் நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும், அடுத்த கதைக்கு உதவாது. ஒரே விஷயத்துக்குத் திரும்புவதிலும் நல்லது கெட்டது உண்டு. அதை உங்கள் பக்கத்து ஊர்க்காரரிலிருந்தே தொடங்குகிறேன்.

கோவில்பட்டியைத் தாண்டினால் இடைசெவல். கி. ராஜநாராயணனுக்கும் கு. அழகிரிசாமிக்கும் சொந்த ஊர். அழகிரிசாமி 1970இல், 46 வயதிலேயே காலமாகிவிட்டார். அவருடைய ‘அன்பளிப்பு’, ‘ராஜா வந்திருக்கிறார்’ இரண்டையும் நீங்கள் படித்திருப்பீர்கள். இப்போது ஒரே மூச்சில் அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டிலும் மையம் ஒன்றுதான்: குழந்தைகளின் உலகத்தில் ஒருவனுக்குக் கிடைக்கிறது, இன்னொருவனுக்குக் கிடைக்கவில்லை. ‘அன்பளிப்பு’ கதையைச் சொல்பவர் நல்ல மனிதர். குழந்தைகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். மற்றக் குழந்தைகளுக்கு டைரி கொடுத்தவர் சாரங்கன் என்ற பையனை விட்டுவிடுகிறார். பையன் சண்டை போடவில்லை. பிறகு ஒரு நாள் தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு என்று அதில் எழுதித் தரச் சொல்கிறான். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தை என்னால் சாதாரணமாகக் கடந்து போக முடிவதில்லை.

‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளியை ஒட்டி ஓர் அனாதைப் பையன் ஏழை வீடு ஒன்றுக்கு வந்து சேர்கிறான். பெயர் ராஜா. உடம்பெல்லாம் சிரங்கு. அந்த வீட்டுத் தாய் தாயம்மாள் தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டி, கணவனுக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை அவனுக்கு உடுத்தக் கொடுக்கிறாள். பணக்கார வீட்டுப் பையன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறான். எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்கிறாள் சிறுமி மங்கம்மாள். அவள் குரலில் பாவனை கொஞ்சமும் இல்லை. அதனால்தான் அந்த வரி அத்தனை உயரத்தில் நிற்கிறது.

முதல் கதையில், கொடுத்துப் பழகியவர் ஒரு குழந்தையைப் பார்க்கத் தவறுகிறார். இரண்டாவதில், கொடுக்க எதுவுமே இல்லாதவள் பார்த்துவிடுகிறாள். அக்கறை ஒன்றேதான். ஆனால் இரண்டையும் படித்த எவரும் ஒரே கதை என்று சொல்லமாட்டார்கள்.

அசோகமித்திரனிடமும் இதைப் பார்க்கலாம். அவர் பிறந்து வளர்ந்த செகந்தராபாத், பிறகு வேலை பார்த்த சினிமா ஸ்டூடியோ. இந்த இரண்டு இடங்களும் அவரைக் கடைசிவரை விடவில்லை. சினிமாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘புலிக்கலைஞன்’ கதையில் வேலை கேட்டு வரும் காதரை ஸ்டூடியோ ஊழியர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்கிறார். ‘கரைந்த நிழல்கள்’ நாவலில் கதாநாயகன் என்று ஒருவர் கிடையாது. படமெடுக்கும் தொழிலில் மாட்டிக்கொண்ட பலர் வருகிறார்கள், போகிறார்கள். ‘மானசரோவர்’ ஒரு பெரிய நடிகனுக்கும் ஓர் எழுத்தாளனுக்கும் இடையே உள்ள உறவு. ஒரே தொழில்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் அதை வேறொரு இடத்தில் நின்று பார்க்கிறார்.

செகந்தராபாத்துக்கு அவர் திரும்பிய விதம் இன்னும் யோசிக்க வைக்கிறது. ஹைதராபாத் சமஸ்தானம் 1948இல் இந்தியாவோடு சேர்க்கப்பட்டபோது அவருக்குப் பதினேழு வயது நிறையச் சில நாட்களே இருந்தன. 1952இல் சென்னைக்கு வந்துவிட்டார். அந்த நாட்களைச் சொல்லும் ‘18வது அட்சக்கோடு’ நாவல் 1977இல்தான் வந்தது. அதன் முடிவில், கலவரத்தின் நடுவே நாயகன் சந்திரசேகரன் நுழைந்துவிடும் ஒரு முஸ்லிம் வீட்டில், குடும்பத்தைக் காப்பாற்றுவதற்காக ஒரு சிறுபெண் தன்னையே கொடுக்க முன்வருகிறாள். அவன் அருவருத்துத் தலைதெறிக்க ஓடுகிறான். அந்த வயதில் நடந்ததை அந்த வயதிலேயே எழுதியிருந்தால் இந்த முடிவு கிடைத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். எழுத்தாளர்கள் ஒன்றையே சுற்றி வருவதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்று நான் நினைக்கிறேன். மனத்தைப் பாதித்தது ஒரே நாளில் நடந்து முடிந்திருக்கும். அது என்னவென்று பிடிபடப் பல வருஷங்கள் ஆகும். நடுவில் எழுதுகிற கதையெல்லாம் அதைப் பிடிக்கிற முயற்சிதான்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கதைகளைப் படித்தேன்.

முதல் கதை தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாவுடையது. தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கியபடியே, மணியார்டர் நின்றுபோய் எத்தனை மாதம் ஆயிற்று என்று அவள் கணக்குப் பார்க்கும் பக்கம் மிக நன்றாக வந்திருக்கிறது. கை வேலை செய்யும் வேகமும் மனம் எண்ணும் வேகமும் தனித்தனியாகத் தெரிகின்றன. இரண்டாவது, லாரி கிளீனராகப் போன தம்பியைத் தேடும் அக்கா. மூன்றாவது, போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவனின் மனைவி. மூன்று வீடுகள், மூன்று உறவுகள், மூன்று வயதுகள். ஆனால் மூன்றின் கடைசிப் பத்தியும் ஒன்று. பொழுது சாய்கிறது, அவள் வாசலில் நிற்கிறாள், தெருமுனையில் யாரோ வருவது போலிருக்கிறது, வந்தவர் அவர் இல்லை.

கூட்டத்தில் பேசியவருக்குச் சலிப்புத் தட்டியது இந்த வாசலில்தான் என்று நினைக்கிறேன். அவர் கருவைக் குறை சொல்லிவிட்டார். குறை முடிவில் இருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. வீட்டை விட்டுப் போனவர்கள் மூன்று கதைகளிலும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. பழைய நினைவுகளில் அவர்கள் சாப்பிடுகிறார்கள், சட்டையை உதறி மாட்டுகிறார்கள், சைக்கிளைத் துடைக்கிறார்கள். வாய் மட்டும் திறப்பதில்லை. ஏன் போனார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வரி மூன்றிலும் இருக்கிறது. முதல் கதையில் அந்த வரி கனமாக இறங்குகிறது. மூன்றாவதில் பார்க்கும்போது, எழுதுகிறவர் அந்தப் பக்கம் போகத் தயங்குகிறார் என்று வாசகருக்குத் தெரிந்துபோகிறது.

இரண்டாவது கதையின் நடுவில் ஓர் இடம். சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒருவனைப் பார்க்கிறாள். தோளும் நடையும் அச்சு அசல் தம்பி. ஆறு வருஷமாக, நிற்கிற லாரி ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தவள், அந்த நிமிஷம் சட்டென்று வெள்ளரிக்காய் விற்கும் கூடைக்காரியின் பின்னால் போய்க் குனிந்துகொள்கிறாள். அவன் பஸ் ஏறிப் போகும்வரை நிமிரவே இல்லை. ஏன் ஒளிந்தாள் என்று நீங்கள் சொல்லவில்லை. அடுத்த பத்தியில் வீட்டுக்கு வந்து விளக்கேற்றிவிட்டு வாசலில் நிற்கிறாள்.

சகோதரி, அந்தக் கூடைக்காரியின் முதுகுக்குப் பின்னால்தான் உங்கள் கதை இருக்கிறது. தம்பி வரவேண்டும் என்று காத்திருப்பவளுக்கு, வந்துவிடக் கூடாது என்றும் இருக்கிறது. அவன் இல்லாத ஆறு வருஷத்தில் அவளுக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டதா? அவன் பங்கையும் சேர்த்து அந்த வீட்டை அவள் ஆண்டுகொண்டிருக்கிறாளா? அவன் போனதற்கு அவளும் ஒரு காரணமா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இன்னும் தெரியாது என்றே நினைக்கிறேன். தெரிந்துகொள்ளத்தான் கதை எழுத வேண்டும். பிரிவைப் பற்றி எழுதுவதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போனவர் திரும்பி வருவதை நினைத்து மனத்துக்குள் ஓடும் பயத்தைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. அதைத் தொட்ட மறுகணம், பழகிய வாசலுக்கு ஓடி வந்துவிடுகிறீர்கள். அது எழுதப்படாமல் நிற்கும்வரை உங்கள் அடுத்த கதையும் இதே வீட்டைத் தேடித்தான் போகும். சரக்கு தீர்ந்துபோனவருக்கு இப்படி நடக்காது.

இதற்கு ப. சிங்காரத்தை விடப் பெரிய சான்று தமிழில் இல்லை. 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர், இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். போருக்குப் பின் ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதியது இரண்டே நாவல்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது, ‘புயலிலே ஒரு தோணி’ 1972இல். இரண்டிலும் அதே தென்கிழக்காசியா, அதே ஜப்பானிய ஆக்கிரமிப்பு, அதே இந்திய தேசிய ராணுவம், அதே வட்டிக்கடைத் தமிழர்கள். முதல் நாவலில் இவையெல்லாம் செல்லையா, மரகதம் காதலைச் சுற்றி நிற்கின்றன. மரகதம் அவன் முதலாளியின் மகள். படைக்குப் போய்த் துப்பாக்கி பிடித்து வந்தவன் வட்டித் தொழிலுக்கு ஆகமாட்டான் என்று முதலாளி முடிவு கட்டிவிடுகிறார். கட்டுக்கோப்பான நாவல், போட்டியில் பரிசும் வாங்கியது. அதோடு அந்த உலகத்தை முடித்துவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை. மறுபடி அங்கேயே போனார். இந்த முறை பிடித்துக்கொள்ளக் காதல் கதை இல்லை. நாயகன் பாண்டியன் மேடான் தெருவில் நடக்கும்போது மதுரைத் தெருக்கள் குறுக்கே வருகின்றன. போர், பணம், தமிழ்ப் பெருமை, ஊர் ஆசை எல்லாவற்றையும் அந்த நாவல் கேள்வி கேட்கிறது. தமிழின் ஆகச் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் அநேகமாக அதில் இந்த இரண்டாவது நாவல் இருக்கும். ‘அந்த ஊர்க் கதையைத்தான் ஏற்கெனவே எழுதிவிட்டீர்களே’ என்று யாராவது சொல்லி, அவரும் அதைக் கேட்டிருந்தால் நாம் எவ்வளவு இழந்திருப்போம்!

வெளிநாட்டு உதாரணம் ஒன்றே ஒன்று. ஜப்பானில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதும் கசுவோ இஷிகுரோ தன் முதல் மூன்று நாவல்களிலும் (1982, 1986, 1989) ஒரே நாவலைத்தான் எழுதியதாகப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தப்பான ஒன்றுக்காக உழைத்துவிட்ட மனிதர் வயதான காலத்தில் திரும்பிப் பார்ப்பதுதான் விஷயம். முதல் நாவலில் ஓரமாக வந்துபோகிறார் ஒரு முதிய ஆசிரியர். அடுத்ததில் அவரைப் போன்ற ஓர் ஓவியர் நடுவுக்கு வருகிறார். மூன்றாவதில் ஜப்பானை விட்டுவிட்டு இங்கிலாந்து மாளிகை ஒன்றின் பட்லர். முந்தைய கதையில் ஓரத்தில் நின்றவரை அடுத்த கதையில் நடுவுக்குக் கொண்டுவருவதை நீங்களும் செய்து பார்க்கலாம்.

திரும்பி வருவது எப்போது வலுவிழக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தி. ஜானகிராமன் நான் மிகவும் நேசிக்கும் எழுத்தாளர். மரபு கிழித்த கோட்டைத் தாண்டும் பெண் அவர் நாவல்களில் திரும்பத் திரும்ப வருகிறாள். ‘மோகமுள்’ யமுனாவும் ‘அம்மா வந்தாள்’ அலங்காரத்தம்மாளும் கண்ணெதிரே நடமாடுகிறார்கள். ஒரு பிள்ளையை வேதம் படிக்க அனுப்பிவிட்டு, அதில் தனக்கு மீட்சி கிடைக்கும் என்று அலங்காரத்தம்மாள் நம்புகிறாளே, அதை வேறு யார் எழுதியிருக்க முடியும்? ‘மரப்பசு’ அம்மணியிடம் வரும்போது, என் வாசிப்பில், அவளைப் பற்றிய ஆசிரியரின் கருத்து முன்னால் வந்துவிடுகிறது, அவள் பின்னுக்குப் போய்விடுகிறாள். மறுப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. நீங்களே படித்து முடிவு செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு வருத்தம் தந்த விஷயம் வேறு. ‘ஒரே விஷயம்’ என்ற புகார் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. நடுத்தர வர்க்கத்து வீட்டு மனஸ்தாபங்களையே நாற்பது வருஷம் எழுதினால் நுட்பமான எழுத்தாளர் என்கிறோம். கிராமத்துப் பெண் எழுதினால், தலித் எழுத்தாளர் எழுதினால், மூன்றாவது கதையிலேயே போதும் என்று தோன்றிவிடுகிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது, ‘சங்கதி’ 1994இல். சொல்லப்படும் சமூகம் அதேதான், சாதிக் கொடுமையும் அதேதான். முதலாவதில் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் குரல். இரண்டாவதில் பாட்டியில் தொடங்கி ஊர்ப்பெண்கள் எத்தனையோ பேர் பேசுகிறார்கள். வெளியே ஊர் செய்யும் கொடுமையோடு வீட்டுக்குள் ஆண்கள் செய்வதையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ‘அதான் ஏற்கெனவே சொல்லியாச்சே’ என்று அவர் நிறுத்தியிருந்தால் அந்தப் பெண்களின் பேச்சு புத்தகத்தில் ஏறியிருக்காது. பொதுக் கூட்டத்தில் ‘இந்தப் பொண்ணு’ என்று உங்களைக் குறிப்பிட்டது சரியில்லை. விமர்சனம் செய்கிறவர் கதையைப் பற்றிப் பேசலாம். உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். ஐ.டி. கதையும் தேர்தல் கதையும் இப்போதைக்கு இருக்கட்டும். அந்த உலகங்களைப் பற்றி நீங்கள் துடித்துத் தெரிந்துகொள்ள விரும்பும் கேள்வி எதுவும் இல்லாததால்தான் அவை உட்காரவில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் நாளில் அவையும் வரும். முதலில் அக்கா கதையைக் கையில் எடுங்கள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அப்படியே இருக்கட்டும், அதற்குப் பிறகு உள்ளதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அவளை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கூடைக்காரி நிமிர்ந்து பார்த்து என்ன கேட்டாள், இவள் என்ன பதில் சொன்னாள் என்பதிலிருந்து தொடங்கலாம். அந்நியரிடம் மனிதர்கள் சில சமயம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

பிறகு, போனவர்களில் ஒருவரைப் பேச வையுங்கள். மூன்றாவது கதையின் கணவன் இதற்குத் தோதானவன். ஆனால் வீட்டில் உட்கார்ந்தபடி அவனைக் கற்பனை செய்தால் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான் வரும். போர்வெல் வண்டியில் போய்வந்த ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள். ராத்திரி எங்கே படுப்பார்கள், சம்பளம் யார் கையில் வரும், மொழி தெரியாத ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள், வீட்டுக்கு போன் பண்ண வேண்டாம் என்று தோன்றிய நாள் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை முதலில் கேட்டுவிடாதீர்கள். கேட்டதையெல்லாம் கதையில் திணிக்கவும் வேண்டாம். அவன் வாயிலிருந்து நான்கு வரி உண்மையாக வந்தாலே அந்தக் கதையில் மனைவி நிற்கும் இடமும் மாறிவிடும்.

தொகுப்பு பற்றி: பிரிவுக் கதைகள் எட்டையும் கொடுக்காதீர்கள், ஐந்து போதும். வாசலில் முடிகிற கதைகளில் தீப்பெட்டி ஆபீஸ் கதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அந்த முடிவு அதில்தான் இயல்பாகப் பொருந்துகிறது. மற்றவற்றில் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டு, அதற்கு முந்தைய பத்தியோடு கதை நிற்கிறதா என்று பாருங்கள். போர்வெல் கதை நிற்கும் என்றே தோன்றுகிறது. பிரிவுக் கதைகளுக்கு நடுவே மற்றக் கதைகளைச் செருகி, தெரியாமல் மறைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஐந்தையும் சேர்த்தே வையுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் கதை முதலில், திருத்திய அக்கா கதை கடைசியில். வாசகர் அந்த நகர்வைத் தொடர்ந்து வரட்டும். பதிப்பகம் ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அடுத்த ஆண்டு கொடுக்கிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள். முதல் தொகுப்புக்கு ஒரு வருஷம் தள்ளிப்போவது பெரிய இழப்பில்லை. அக்கா கதையைத் திருத்தியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.